முத்திரைக்கு முன்னால்

“க்யூவுல போன் பேசக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு, பாக்கலையா?”

கவுண்டருக்குள்ளிருந்து அதிகாரி ரெங்கநாயகி போட்ட அதட்டலில் ஜெஸ்வின் சட்டென்று போனை அணைத்தான்.

திருச்சி ஏர்போர்ட். காலை சிங்கப்பூர் விமானத்துக்கு இமிகிரேஷன் வரிசை வளைந்து நின்றது. ஜெஸ்வினுக்கு அடுத்து, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், ஸ்ரீரங்கம் அனந்தபத்மநாபனும் மனைவி அரவிந்தாவும் நின்றிருந்தார்கள்.

“கப்பல் வேலையா?”

“ஆமா மேடம். சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறணும்.”

பாஸ்போர்ட், மாலுமிகளுக்கான அடையாளப் புத்தகம், கம்பெனி லெட்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான். ஆனால் தலை மட்டும் வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் போனது.

“அங்க என்ன பார்வை?”

கண்ணாடி இடுக்கில் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னான். அனந்தபத்மநாபனுக்கு அது கேட்கவில்லை. பதிலுக்கு அந்த அம்மா கேட்டதும் சொன்னதும் கேட்கவில்லை. ஆனால் அடுத்து வந்த வார்த்தை ஹால் முழுக்கக் கேட்டது.

“இந்த லெட்டர் சரியில்ல. எழுத்தே தெரியல. ஏர்லைன்ஸ் கவுண்டர்ல போய் வேற பிரிண்ட் வாங்கிட்டு வாங்க. அப்புறம்தான் முத்திரை.”

ஜெஸ்வின் பேப்பர்களை அள்ளிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடினான்.

“பாத்தியா அரவிந்தா? எனக்கு இங்கேருந்தே எழுத்து பளிச்சுனு தெரியறது. பாவம், வெயில்லயும் மழையிலயும் கடல்ல கிடந்து வேலை பாக்கற பையன். அவனைப் போய் அலைய விடறா.”

“ஏன்னா, நமக்கெதுக்கு? சும்மா இருங்கோ.”

சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. கூப்பிட்டதும் கவுண்டரில் போய் நின்றார்.

“எங்க போறீங்க சார்?”

“சிங்கப்பூர். பொண்ணு ஜாஹ்னவி ஆத்துக்கு. ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். ஏழைப் பையன்னா விரட்டுவேள், எங்களை மாதிரி ஆளுன்னா ‘சார்’னு கூப்பிடுவேள், அப்படித்தானே?”

ரெங்கநாயகி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரையைக் குத்தி நீட்டினார்.

அந்த அலட்சியம் அனந்தபத்மநாபனை இன்னும் கிளறிவிட்டது. கடைசி மேஜையில் இருந்த மேலதிகாரியிடம் நேராகப் போனார். நடந்ததையெல்லாம் போட்டு உடைத்தார்.

மேலதிகாரி எழுந்து கவுண்டருக்கு வந்தார்.

“என்னம்மா இது? கப்பல்காரங்களை அலைய விடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? பப்ளிக் புகார் சொல்ற மாதிரியா நடந்துக்கறது?”

வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது. ரெங்கநாயகியின் முகம் சிவந்துவிட்டது.

“சாரி சார். லெட்டர் தெளிவா இல்ல.”

“இன்னொரு தடவை என் காதுக்கு வரக் கூடாது.”

அனந்தபத்மநாபனுக்குத் திருப்தி. ஆனாலும் நகராமல் ஓரமாக நின்றார்.

சற்று நேரத்தில் ஜெஸ்வின் மூச்சிரைக்க ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது. ரெங்கநாயகி அந்த லெட்டரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. டப்பென்று முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

“பாத்தியா, பேப்பரைத் தொடக்கூட இல்ல! வேணும்னே பண்ணியிருக்கா!”

உள்ளே காத்திருக்கும் ஹாலில் அவனைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கவலைப்படாதப்பா. அந்தம்மாவுக்கு மேலதிகாரிகிட்ட சொல்லி நல்லா டோஸ் விட வச்சாச்சு. நீயும் எழுத்துல ஒரு புகார் குடு. நான் சாட்சி சொல்றேன்.”

ஜெஸ்வின் பதறி எழுந்தான்.

“ஐயோ, என்ன சார் பண்ணிட்டீங்க! என் பேப்பர்ல ஒரு குறையும் இல்ல சார்.”

“அதைத்தாம்ப்பா நானும் சொன்னேன்!”

“இல்ல சார். குழந்தையோட மொத பொறந்தநாள் வரைக்கும் இருப்பேன்னு வீட்ல சொல்லியிருந்தேன். கம்பெனி முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. என் சம்சாரம் ப்ரீத்தி கோவிச்சுக்கிட்டு வழியனுப்பக்கூட வரல. நான் கவுண்டர்கிட்ட வரும்போதுதான் போன் பண்றா. மனசு கேக்காம, பொன்மலைலேருந்து புள்ளையத் தூக்கிட்டு ஆட்டோவுல வந்து வாசல்ல நிக்கிறாளாம்.”

அனந்தபத்மநாபன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“மேடம்கிட்ட அதைத்தான் சொன்னேன். ‘முத்திரை குத்திட்டா நீங்க வெளிய போக முடியாது. லெட்டர் சரியில்லன்னு சத்தம் போடறேன், போய்ப் பாத்துட்டு வாங்க’ன்னாங்க. வாசல் கதவுகிட்டயே நின்னு புள்ளைய வாங்கிக்கிட்டேன் சார். ப்ரீத்தி சிரிச்சுட்டா. புள்ள என் மூக்கைக் கடிச்சு வச்சுட்டா, பாருங்க.”

மூக்கு நுனி சிவந்துதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அனந்தபத்மநாபன் எழுந்து வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார்.

“ஏன்னா, எங்க போறேள்?”

“கவுண்டர்ல இருக்கற அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்.”

வழியில் நின்ற காவலர் கையை நீட்டி மறித்தார்.

“பாஸ்போர்ட்ல முத்திரை விழுந்தாச்சுல்ல சார்? இனிமே அந்தப் பக்கம் போக முடியாது.”