மசியாத மீட்டர்

முதலில் சொன்ன விலையிலிருந்து இறங்காத வியாபாரி மாதிரி, காலையிலிருந்து மீட்டர் ஒரே பேச்சில் நின்றது: கார் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லையாம். சைலன்சர் குழாயில் மாட்டிய ஆக்சிஜன் சென்சார் சொல்வதைத்தான் அது காட்டும்; குழாயில் ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோல் குறைவு என்பது அதன் கணக்கு. மெக்கானிக் சாமியப்பன் லேப்டாப்பில் பெட்ரோலைக் கூட்டக் கூட்டக் கரும்புகைதான் வந்தது.

"பெட்ரோல்லயே குளிக்குது, இன்னுமா பத்தலை? நாளைக்கு ரேஸுங்ணா," என்றான் காரின் சொந்தக்காரன் கிருபாகரன்.

"நான் சொல்லலீங்க தம்பி. மீட்டர் சொல்லுது."

"மூக்குன்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"மூக்குல நம்பர் வராதுங்க."

மறுபடி கூட்டினார். எஞ்சின் இருமியது, திணறியது, நின்றுபோனது. நின்ற எஞ்சினுக்கு முன்னைவிட அதிகமாகப் பெட்ரோல் கேட்டது மீட்டர்.

சாமியப்பன் கிருபாகரனின் முகத்தைப் பார்க்காமல், விரலை மறுபடி லேப்டாப்புக்குக் கொண்டுபோனார்.