புள்ளி விழுந்த திராட்சை

"நீங்கள் மருந்தடிக்கிறேல்லை எண்டபடியால்தான் அண்ணை, பிள்ளைக்குப் பயமில்லாமல் குடுக்கிறன். அடுத்த கிழமையும் பஸ்ஸில ஒரு பெட்டி போட்டுவிடுங்கோ," என்றாள் சுபோதினி. கொழும்பு வெள்ளவத்தை வீட்டு மேசையில் மகள் யாழ்ப்பாணத் திராட்சையைத் தின்றுகொண்டிருந்தாள்.

போனில் தோட்டக்காரர் தவராசா தயங்கினார். "இனி ஏலாது தங்கச்சி. திரும்ப மருந்தடிக்கத் தொடங்கிட்டன்."

"ஐயோ, ஏன்?"

"கொழும்பில ஒரு சூப்பர்மார்க்கெட் போன கிழமை முழு லோட்டையும் திருப்பிப்போட்டுது. பழத்தில புள்ளியாம். மருந்தடிக்காட்டில் புள்ளி விழத்தானே செய்யும். நீங்கள் அங்கதானே இருக்கிறியள், உங்கட பிள்ளை இதைத்தான் சாப்பிடுது எண்டு அவையளிட்ட ஒருக்கா சொல்லுங்கோவன்."

போன கிழமை வந்த அந்த லொறி சுபோதினிக்கு நினைவிருந்தது. அந்த சூப்பர்மார்க்கெட்டில் பழம் வாங்கும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. எந்தத் தோட்டம் என்றுகூடக் கேட்காமல் லொறியைத் திருப்பியவள் அவள்.

மகள் புள்ளி விழுந்த பழமொன்றை அவள் வாயருகே நீட்டினாள்.