மேலம்புச் சாவி

கைபேசி ஐந்தாவது தடவையாக அலறியது. திரையில் வசீகரன் அண்ணையின் பெயர். நிஷாந்தினி அதை அணைத்துக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, எழுவைதீவு வள்ளத்தில் ஏறினாள். அந்த மனிதரிடம் இப்போது ஏச்சு வாங்க அவளுக்குத் தெம்பில்லை.

எல்லாம் பத்து நிமிடத்துக்குள் நடந்த கூத்து. ஊர்காவற்றுறை அலுவலகத்தில் இருந்தபடியே, தன் கணினி வழியாக எழுவைதீவுச் சிகிச்சை நிலையத்தில் இணையத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சுவிச்சுப் பெட்டிக்குள் நுழைந்திருந்தாள். யாரும் கேபிள் செருகிப் பாவிக்காத மூன்றாம் துவாரத்தை மூடவேண்டும். இரண்டு நிமிட வேலை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் மேலதிகாரி வசீகரன் அண்ணைக்கு ஒரு சட்டம் உண்டு. பெட்டிக்குள் போனதும் முதல் இந்த வரி, வெளியே வரமுன் கடைசியாக அந்த வரி என்று தாளில் எழுதி அவளுடைய மேசையில் ஒட்டிவைத்திருக்கிறார். தேவாரம் பாடாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது என்பது மாதிரி. ஏன் என்று அவள் கேட்டதில்லை. அன்றும் சலித்துக்கொண்டே முதல் வரியைத் தட்டினாள்.

பிறகு ஒன்றாம் துவாரத்துக்குப் பெயர் எழுதினாள். அடுத்தது மூன்றாவது. முழு வரியையும் திரும்ப அடிக்க அவளுக்கு எப்போதும் பஞ்சி. விசைப்பலகையில் மேல்நோக்கிய அம்பு போட்ட மேலம்புச் சாவியை அழுத்தினால் பழைய வரி தானாக வந்து நிற்கும், ஒன்றை மூன்றாக்கினால் முடிந்தது அலுவல். ஒன்றை மூன்றாக்க மறந்து, மூடச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டாள்.

ஒன்றாம் துவாரம்தான் நிலையத்துக்கு இணையம் வருகிற வாசல், அவள் உள்ளே போன வழியும் அதுதான். திரை அப்படியே உறைந்தது. இணைப்பு அறுந்தது யாழ்ப்பாணத்தில் வசீகரன் அண்ணைக்கும் தெரிந்திருக்கும். நேரே போய்ப் பெட்டியில் கேபிளைச் செருகித் திறப்பதைத் தவிர வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அதுவும் பார்த்து இன்றைக்கு! பதினொரு மணிக்கு யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் தீவு நோயாளரைக் காணொளியில் பார்க்கிற நாள், மாதத்தில் ஒரே நாள்.

வள்ளமோ அசைந்து அசைந்து ஊர்ந்தது. கொஞ்சம் கெதியாய் ஓட்டமுடியாதா என்று ஓட்டி அன்ரனிதாஸிடம் கேட்டாள்.

"எதிர்க்காத்து பிள்ளை. அவசரமெண்டால் இறங்கித் தள்ளும்."

வள்ளம் முழுக்கச் சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடித்த தண்ணீரில் சட்டை தோய, மடிக்கணினியை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒரு இலக்கம். ஒரேயொரு இலக்கத்தைப் பார்த்து அடிக்கப் பஞ்சிப்பட்டதால் எத்தனை சனம் அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்கப் போகிறது!

சிகிச்சை நிலையத்துக்குள் அவள் ஓடி நுழைந்தபோது பதினொன்று ஐந்து.

திரையில் பெரிய டொக்டர் இருந்தார். முன்னால் கதிரையில் இருந்த கர்ப்பிணி அவருக்குக் கால் வீக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

யார் வந்து திருத்தியது என்று தாதி சுலோஜனாவிடம் மெல்லக் கேட்டாள்.

"ஒருத்தரும் வரேல்லை. பத்தரை போல பெட்டி தன்பாட்டில நிண்டு திரும்ப எழும்பினது. வசீகரன் எடுத்தவர், உம்மைத்தான் தேடுறார்."

கைபேசியை உயிர்ப்பித்து அழைத்தாள். ஏசுவார் என்று காத்திருந்தாள். அவரோ களைத்துப்போன குரலில் பேசினார்.

"முதல் வரி அடிச்சனீர்தானே? கடைசி வரியால மறிக்காட்டில், அரை மணித்தியாலத்தில பெட்டி தன்பாட்டில நிண்டு, நீர் மாத்தினதை எல்லாம் மறந்துபோட்டு எழும்பும். எங்கயாவது பிழை விட்டாலும் எண்டுதான் அந்த வரி."

"அப்ப ஏன் அண்ணை விடாமல் எடுத்தனீங்கள்?"

"வள்ளத்தில ஏறாதையும் எண்டு சொல்லத்தான்."