கோப்பையின் குரல்

அவர் மூன்றாவது கோப்பையையும் சுண்டிப் பார்த்தார்.

விளிம்பில், ஆள்காட்டி விரல் நகத்தால், மெல்ல. உடனே காதருகே கொண்டுபோனார்.

"இதுவும் போச்சு."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி கண்களை மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்த ஒலி நன்றாகவே கேட்டது. மெல்லிசாகக் கிளம்பி, கூடம் முழுக்கப் போய், நிதானமாக அடங்கியது.

விரிசல் விட்ட பீங்கான் அப்படிப் பாடாது. டொக்கென்று அங்கேயே செத்துப்போகும். கல்யாணமான புதிதில் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

எல்லாம் இங்கிலாந்தில் செய்த கோப்பைகள். குன்னூர் எஸ்டேட் பங்களாக்களின் ஏலத்துக்கு அலைந்து அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. பொன் விளிம்பு. கையால் வரைந்த பூக்கள். வெயிலுக்கு எதிரே பிடித்தால், பின்னாலிருக்கும் விரலின் நிழல் தெரியும். அத்தனை மெலிசு. ஆனால் அவற்றில் இன்றுவரை ஒரு சொட்டுக் காபி விழுந்ததில்லை. வீட்டில் காபி என்றால் எவர்சில்வர் டம்ளர்தான்.

ஊரில் யார் பழைய பீங்கான் வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணுக்குத் தட்டுப்படாத மயிரிழை விரிசலையும் அவர் காது பிடித்துவிடும். வேறு எதிலும் அவருக்குப் பெருமை கிடையாது. அந்தக் காதில் மட்டும் நிறைய உண்டு.

தீபாவளி கழிந்த பிறகுதான் மனைவி கவனித்தாள்.

குக்கர் அடித்து ஓய்ந்திருக்கும். "இன்னும் விசில் வரலையா?" என்பார். பேச்சு கேட்டது. கதவைத் தட்டினால் கேட்டது. மெல்லிய, கூரான ஒலிகள் மட்டும் அவரை விட்டுப் போயிருந்தன.

சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

இப்போது அவர் எதிரில் சகாயமேரி நின்றுகொண்டிருந்தாள். வீட்டு வேலைக்கு வருகிறவள். சனிக்கிழமைதோறும் அவர் அலமாரியைத் திறந்துவிட்டு மேற்பார்வை பார்க்க, கோப்பைகளைத் துடைத்து வைப்பவள்.

"எங்க இடிச்ச?"

"இல்லீங்கய்யா. மாதா சத்தியமா இடிக்கல."

"அப்ப தானா விட்டுச்சா? ஒண்ணு இல்ல, மூணு. நான் பேப்பர்ல கண்ண வச்சிருந்த நேரமா பாத்து..."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. வீட்டில் யாரோ இறந்துபோனதைப் போல அவர் முகம் தொங்கிக் கிடந்தது.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா."

சகாயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வீட்டில் பீங்கானை உடைத்தவள் என்று பெயர் விழுந்துவிட்டால், குன்னூரில் வேறு எந்த வீட்டிலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

மனைவி கூடத்துக்கு வந்தாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் இடிச்சேன்."

அவர் நிமிர்ந்தார்.

"நீயா?"

"நீங்க கோயம்புத்தூர் போயிருந்தீங்கல்ல, அப்ப. தூசியா இருந்துச்சேன்னு தெறந்தேன். கை பட்டுருச்சு."

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அலமாரிக்கு ஒரே சாவி. அவருடைய அரைஞாண் கயிற்றில் கிடந்தது. குளிக்கும்போதும் அங்கேதான் கிடக்கும். கோயம்புத்தூருக்கும் அவரோடுதான் போய் வந்திருந்தது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியும் ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்ல வரவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த மூன்று கோப்பைகளையும் பார்த்தார். மூன்றையும் சுண்டுவதற்கு முன்பே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. எதிலும் ஒரு கோடுகூட இல்லை.

செய்யாத தப்பை இவள் ஏன் தலையில் போட்டுக்கொள்கிறாள்?

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.



பிறகு நீலப் பூப் போட்ட கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ சுண்டு."

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சுண்டும்மா."

சுண்டினாள்.

அவர் கோப்பையைப் பார்க்கவில்லை. இரண்டு பெண்களின் முகங்களையும் பார்த்தார். அழுதுகொண்டிருந்த சகாயமேரி சட்டென்று தலை தூக்கியிருந்தாள்.

"கேக்குதா?"

மனைவி தலையசைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு பேருக்குமா?"

சகாயமேரி பதில் சொல்லப் பயந்து நின்றாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதான் சகாயம். மனசுல வச்சுக்காத. எப்பவும்போல வாம்மா."

சகாயமேரி உள்ளே போகவில்லை. போகத் தோன்றவில்லை.

அவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் சுண்டு. சத்தம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்கணும். நிக்கிற வரைக்கும் விரலத் தூக்கி வச்சிரு."

சுண்டினாள். விரலைத் தூக்கினாள்.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கூட விட்டதாகத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் தெளிந்தது. ஏதோ கேட்பவரைப் போலத் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டார்.

கூடத்தில் ஒலி மெலிந்தது. இன்னும் மெலிந்தது. பிறகு இல்லை.

சகாயமேரி தலை குனிந்துகொண்டாள்.

மனைவியின் விரல் மேலேயே இருந்தது.