மேல் பொத்தான்

"இதுவும் வேண்டாம். எடுத்து வைங்க."

பெண்டாட்டி மாட்டிப் பார்த்துக் கழற்றிய மூன்றாவது ஹார்னஸையும் மேசையோரம் தள்ளினார் அந்த ஆள். கடைக்காரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

கடலுக்கடியில் முங்கி வேலை பார்ப்பவர்களுக்கான சாமான் கடை அது. சிலிண்டரை முதுகில் சுமக்கிற ஹார்னஸ் கேட்டு வந்திருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். முங்கப் போவது பெண்டாட்டி. துறைமுகத்தில் படகுகளின் அடியில் ஒட்டும் பாசியையும் சிப்பியையும் சுரண்டுகிற வேலை. ரொம்ப நாள் லீவுக்கு அப்புறம் திங்கட்கிழமை மறுபடியும் தண்ணீரில் இறங்குகிறாளாம்.

ஆனால் வந்ததிலிருந்து வாய் திறந்து பேசுவது என்னவோ புருஷன்தான்.

"நல்லாத்தாங்க இருக்கு. இதையே எடுத்துக்கலாமே," என்றாள் அவள், மெதுவாக.

"நீ சும்மா இரு. உன்னைக் கேட்டா காரியம் ஆகாது."

கேட்டீர்களா பேச்சை!

"சார், இது மெத்தை வச்சது. தோளுக்கு இதமா இருக்கும்," என்று கடைக்காரம்மா பரிந்து பேசிப் பார்த்தாள்.

"மெத்தையெல்லாம் வேண்டாம். அதோ, அந்த மூலையில கிடக்குதே, அது என்ன?"

ஒரு இரும்புத் தகடு, ஒரு சுருள் கறுப்புப் பட்டை, நாலைந்து வளையம், ஒரு பக்கிள். வாங்குகிறவர்களே கோத்துக்கொள்ள வேண்டியது. விலை பாதிகூட வராது.

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள் கடைக்காரம்மா. பெண்டாட்டிக்குச் செலவு என்றால் மட்டும் சிலருக்குக் கை பைக்குள் போக மாட்டேன் என்கிறது. ஆளைப் பார், சட்டையில் மேல் பொத்தான்கூட இல்லை.

அதைப் பெண்டாட்டியும் அப்போதுதான் கவனித்தாள்.

"என்னங்க, பொத்தான் எங்க? காலையில இருந்துச்சே?"

"எங்கயாவது விழுந்திருக்கும். விடு."

கடைக்காரம்மா பட்டையைத் தகட்டின் துளைகளில் நுழைத்து, இரண்டு தோளுக்கும் வளைத்து, வளையங்களைக் கோத்து, இடுப்புக்குப் பக்கிள் மாட்டினாள். ஒரே பட்டைதான், ஆனால் கோப்பதற்குள் நகக்கண் வலித்தது.

"வாங்கம்மா, போட்டுப் பாருங்க."

"இருங்க, முதல்ல எனக்குப் போடுங்க," என்று குறுக்கே வந்து நின்றார் அவர்.

"முங்கப் போறது நீங்களா சார்?"

"நானா? எனக்கு வாளித் தண்ணியே ஜாஸ்தி."

பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்புறம் எதுக்கு?"

"போடுங்களேன். நிரப்பின சிலிண்டரையும் மாட்டுங்க."

மாட்டினாள். மனுஷர் அதைச் சுமந்துகொண்டு கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், கையைத் தூக்கினார். தூக்கும்போது முகம் கோணியது.

"இடது பக்க வளையத்தை ரெண்டு விரல் கீழ இறக்குங்க."

பிரித்துக் கோத்தாள்.

"பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்க. தோள் ஓரமாப் போகட்டும்."

மறுபடி பிரித்தாள். மறுபடி நடை. மறுபடி முகக் கோணல். இதே கூத்து இன்னும் இரண்டு தடவை நடந்தது. அவர் அந்தப் பக்கம் நடக்கிற நேரம் பார்த்து, கடைக்காரம்மா அவள் காதோரம் குனிந்தாள்.

"எப்படிம்மா இவரோட காலம் தள்றீங்க?"

"பழகிடுச்சுக்கா," என்றாள் அவள், அதற்கும் சிரித்தபடி.

ஒருவழியாக அவர் முகம் தெளிந்தது. "இப்ப சரி. இடது பக்கம் இதே மாதிரி இருக்கணும். அவ அளவுக்குச் சுருக்கிக் கொடுங்க. ஏம்மா, நீ போய் வண்டியிலேர்ந்து உன் முங்குற சட்டையை எடுத்துட்டு வா. அதைப் போட்டுக்கிட்டு பார்த்தாத்தான் அளவு தெரியும்."

அவள் வெளியே போனாள். கடைக்காரம்மா வேண்டாவெறுப்பாக ஹார்னஸைக் கழற்றினாள். பட்டையோடு சேர்ந்து அவர் சட்டைக் காலரும் இழுபட்டது.

இடது தோளெலும்பு மேல் ஒரு பிளாஸ்திரி. அதற்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"என்ன சார் இது?"

அவர் அவசரமாகக் காலரை இழுத்து மூடப் பார்த்தார். மூடத்தான் பொத்தான் இல்லையே. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பிளாஸ்திரியை உரித்தார். உள்ளங்கையில் விழுந்தது சட்டையின் மேல் பொத்தான்.

"அவளுக்கு இந்த எலும்பு முறிஞ்சு தகடு வச்சிருக்காங்க மேடம். டாக்டர் தண்ணில இறங்கலாம்னுட்டார். ஆனா ஒரு ஸ்க்ரூ தலை சரியா இந்த இடத்துல துருத்திக்கிட்டு நிக்குது. பட்டை அழுத்தினா உயிர் போகும்."

"அதை அவங்களே சொல்லலாமே சார்?"

"அவளா? எதை மாட்டினாலும் நல்லாத்தான் இருக்கும்பா. என்னை அலைய வைக்கக் கூடாதாம். புருவம் மட்டும் லேசா சுருங்கும், உத்துப் பார்த்தாத்தான் தெரியும். அந்த மெத்தை வச்சது மூணுக்கும் சுருங்குச்சு." பொத்தானைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சொல்லிடாதீங்க. கத்துவா."

கடைக்காரம்மா பட்டையைச் சுருக்கினாள். இந்தத் தடவை நகக்கண் வலித்தது தெரியவில்லை.

பெண்டாட்டி வந்தாள். உடையை மாற்றிக்கொண்டு ஹார்னஸை மாட்டினாள். சிலிண்டரின் பாரம் தோளில் இறங்கியது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

பதில் கடைக்காரம்மாவின் காதில் விழவேயில்லை. அவளும் புருஷனும் பார்த்துக்கொண்டிருந்தது பெண்டாட்டியின் புருவத்தை.

அது சுருங்கவில்லை.