மீன் பிடிக்கப் போன யசோதா

நாலு வயசு மகள் யசோதாவைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு கோவர்த்தனன் மீன் பிடிக்கப் போயிருக்கிறான் என்ற செய்தி, பாதி ஊரை ஏரிக்கரைக்கு இழுத்து வந்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஊரில் பெரியம்மை போட்டிருந்தது. வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கியது. அம்மன் ஊரில் இருக்கும்வரை தாளிக்கக் கூடாது, மீன் வாசனையே ஆகாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் தெரிந்தும் ஒருத்தனுக்கு மீன் கேட்கிறதென்றால் அவனை என்ன சொல்வது?

அவன் மனைவி அம்சவேணியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மதகு வரை ஓடினாள். திரும்பி வந்தாள். மறுபடியும் ஓடினாள். காற்று வேறு கிளம்பிவிட்டது. ஏரி முழுக்க அலை. பரிசல் கண்ணுக்கே தெரியவில்லை.

குழந்தை அழுதாள், மீன் காட்டுகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார், வேறு எதுவும் தெரியாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் போட்டவள் ரத்னம்மா. அம்மன் கோயிலுக்குத் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறவள். போன வருஷம் மூத்த பிள்ளையை அம்மைக்குப் பறிகொடுத்தவள். அப்படியும், போன வாரம் நோய் வராமல் தடுக்க அம்மை குத்த வந்த சர்க்கார் ஆளைச் சாணித் தண்ணீர் ஊற்றி விரட்டியபோது முன்னால் நின்றவள் அவள்தான்.

ஊருக்குத் தெரியாமல் குத்திக்கொண்ட ஒரு குடும்பத்துக்குக் கிணற்றில் தண்ணீர் கிடையாது என்று பெரியவர் கங்கையா சொல்லிவிட்டார். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரேணிகுண்டா பக்கம் போய்விட்டார்கள்.

"ஊரே வாயைக் கட்டிகினு கிடக்குது. இவனுக்கு மீன் கேக்குதா? வரட்டும்," என்றாள் ரத்னம்மா.

கங்கையாவுக்கு வேறு கவலை. மாநில எல்லைத் தகராறு வந்ததிலிருந்து அக்கரைக்காரர்கள் மெட்ராஸ் என்றும் இக்கரைக்காரர்கள் ஆந்திரா என்றும் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். பரிசல் அந்தப் பக்கம் ஒதுங்கினால் சும்மா விடுவார்களா என்று அவர் புலம்ப, அம்சவேணிக்கு அழுகையே வந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில்தான் பரிசல் வந்தது. வலையில் ஒரு குஞ்சு மீன்கூட இல்லை. யசோதா அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள்.

அம்சவேணி கையை நீட்டுவதற்குள் ரத்னம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கினாள். குழந்தை வீறிட்டது. ரத்னம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் குழந்தையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு முன்னைவிடப் பலமாகக் கத்தினாள்.

"யாரும் கிட்ட வராதீங்க. அம்மன் கோவத்துல கீறா, உங்களுக்கும் ஒட்டிக்கும்."

கூட்டம் விலகி வழிவிட்டது. வழி நெடுகத் திட்டிக்கொண்டே குழந்தையைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு அவள் போனாள். கோயிலுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அம்மன் காலில் விழ வேண்டும் என்று கங்கையா தீர்ப்புச் சொன்னார். கோவர்த்தனன் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அம்சவேணி குழந்தையின் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, வட்டமாக இரண்டு கீறல். ரத்தம் உறைந்திருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"குத்திட்டீங்களா?"

"அக்கரையில மெட்ராஸ் சர்க்கார் ஆளு வந்துகீறாருன்னு, ஊர்ல அம்மை போடறதுக்கு முன்னாடியே நகரி சந்தையில சொன்னாங்க. நீ எந்த ஊருன்னு அவரு கேக்கல. கையை நீட்டச் சொன்னாரு, அவ்ளோதான்." அவன் குழந்தையின் தலையைத் துவட்டினான். "எதிர் வீட்டுலயே அம்மை, அம்சா. என்னால சும்மா குந்திகினு பாக்க முடியல."

அம்சவேணிக்கு அம்மனை நினைத்தும் பயம், ஊரை நினைத்தும் பயம். அதைவிட ரத்னம்மாவை நினைத்துத்தான் அதிகப் பயம். அந்தக் கையைப் பிடித்துத்தானே தூக்கினாள்? பார்க்காமலா இருந்திருப்பாள்? இந்நேரம் கங்கையா வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பாள். காலையில் கிணற்றடியில் யாரும் குடத்தை வைக்க விட மாட்டார்கள்.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாள். துணிமணிகளை எடுத்து மூட்டை கட்டினாள். பிறகு அதை அவிழ்த்தாள். போவதற்கு அவர்களுக்கு வேறு ஊர் ஏது?

ஊர் அடங்கிய பிறகு பின்வாசல் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

ரத்னம்மா. கூட யாரும் வரவில்லை. உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினாள். அவள் முந்தானைக்குள் ஒண்டிக்கொண்டிருந்தாள் மல்லிகா, அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிள்ளை.

பகலெல்லாம் கத்தியவள் இப்போது குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தம்பி, நாளைக்கு இவளையும் மீன் புடிக்கக் கூட்டிகினு போ. நான் கரையில நின்னு உன்னைத் திட்டிகினே இருக்கறேன். ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க."