தமஸ்கு வழியில் ஒரு குதிரை

"சவுல் குதிரையில இருந்துதான் விழுந்தாரு. இப்பதானே ரெண்டு கண்ணாலயும் பார்த்தோம்!"

கமலம் அடித்துச் சொன்னாள்.

பிரேமிளாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "டி.வி.யில காட்டினா வேதமாயிருமா? தமஸ்குவுக்குப் போற வழியில ஒளி வந்துச்சு, விழுந்தான். குதிரைன்னு ஒரு வார்த்தை வேதத்துல கிடையாது."

"அப்போ நாடகம் எடுத்தவங்க படிக்காமலா எடுத்திருப்பாங்க, அக்கா?"

இந்தக் கமலத்தோடு எப்போதும் இதே ரோதனைதான். வத்தேகமையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீரய்யாவின் மனைவி. பக்கத்து வீடு. சாயந்தரமானால் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் அவர் கிரிக்கெட்டை மாற்ற விடமாட்டார் என்று ஒரு சாக்கு. பார்ப்பதோ, ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றிய டப்பிங் தொடர்.

அந்தத் தொடரைப் பார்க்கும் மனநிலையிலேயே பிரேமிளா இல்லை. ஞாயிறு பாடசாலையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வேதம் படிப்பித்தவள்தான். போன வருஷம் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் முழங்காலிட்டு அவர் உயிரைக் கேட்டாள். கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்றே வேதாகமத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அதோடு சர்ச்சும் நின்றது. ஆறுதல் சொல்ல வந்த போதகரையும் சபைப் பெண்களையும் வாசலோடு அனுப்பிவிட்டாள்.

கமலம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வந்தாள், டி.வி.யைப் போட்டாள், வாய்க்கு வந்ததை உளறினாள்.

"ஸ்தேவானைக் கல்லெறிஞ்சு கொன்னப்போ முதல் கல்லை எறிஞ்சதே இந்தச் சவுல் பாவிதான்!" என்றாள் ஒருநாள்.

பேசாமல் இருந்த பிரேமிளாவால் பொறுக்க முடியவில்லை. "அவன் கல்லே எறியல. எறிஞ்சவங்க உடுப்பைக் காவல் காத்துக்கிட்டு நின்னான்."

"சும்மா சொல்லாதீங்க. எங்க, காட்டுங்க பார்ப்போம்."

காட்டுவதற்கு அலுமாரியைத் திறக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து பிரேமிளாவுக்கு ஒரே வைராக்கியம். இவள் வாயை அடைக்காமல் விடுவதில்லை! மத்தியானச் சமையல் முடிந்ததும் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்து, அன்றைக்கு நாடகத்தில் எந்த இடம் வரும் என்று பார்த்து, முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வாள். சாயந்தரம் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருப்பாள். கமலமும் சளைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள்.

இன்றைக்குக் குதிரை.

பிரேமிளா புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் விரித்தாள்.

"இந்தா, பாரு. ஒளி வந்துச்சு. தரையில விழுந்தான். கண்ணு தெரியாமப் போனவனைக் கூட வந்தவங்க கையைப் பிடிச்சு..."

விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

"...கூட்டிக்கிட்டுப் போனாங்க. எங்க இருக்கு குதிரை?"

கமலம் பக்கத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வேற எங்கயாச்சும் எழுதியிருக்கும். நீங்கதான் இப்ப சர்ச் பக்கமே போறதில்லையே, அக்கா. மறந்திருப்பீங்க."

சுருக்கென்று தைத்தது.

"யாரு, நானா மறந்தேன்? வர்ற ஞாயித்துக்கிழமை நேர்ல போய்க் கேட்டுக்கிட்டு வாரேன். அப்புறம் நீ இந்த வீட்டுல வாயே திறக்கக் கூடாது!"

"கேட்டுக்கிட்டு வாங்க. அப்ப நம்புறேன்."

ஞாயிறு காலை பிரேமிளா வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு கண்டி பஸ் ஏறினாள். கேள்வியைக் கேட்பது, பதிலை வாங்குவது, அடுத்த பஸ்ஸில் திரும்புவது. அவ்வளவுதான் எண்ணம்.

ஆராதனை தொடங்கியிருந்தது. கடைசி வரிசை வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்ததும் அவளைக் கேட்காமலே வாய் பாடியது. இரண்டாம் சரணத்தில் கண் நிறைந்து வழிந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். பிரேமிளா கடைசி ஆசீர்வாதம் வரை இருந்தாள்.

வெளியே வந்ததும் சுபாஜினி டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவப் பாடம் படிப்பித்தே ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

"டீச்சர், நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும். சவுல் தமஸ்குவுக்குக் குதிரையிலயா போனான்?"

டீச்சர் சிரித்தார். "வேதத்துல குதிரையே இல்ல. அது படம் வரைஞ்சவங்க கொண்டுவந்து விட்ட குதிரை. உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி ஒத்துக்க மாட்டேங்குறா. அவகூட மல்லுக்கட்டியே நான் நடபடிகள் முழுக்கத் திரும்பப் படிச்சிட்டேன். இன்னைக்கு வந்ததே அவளாலதான்."

"யாரு அந்தக் கெட்டிக்காரி?"

"கமலம்னு. கடை வீரய்யாவோட சம்சாரம்."

டீச்சரின் சிரிப்பு நின்றது. பிரேமிளாவின் ஈரம் காயாத கண்களைப் பார்த்தார்.

"கமலம் என்கிட்டப் படிச்ச பிள்ளைதான். அந்தக் காலத்துல எங்க பள்ளிக்கூடத்துல இந்து சமயம் படிப்பிக்க ஆள் இல்ல. ஓ.எல். பரீட்சைக்கு அவ கிறிஸ்தவம்தான் எடுத்தா. நான் வருஷா வருஷம் பிள்ளைகளை மடக்குறதுக்கு ஒரு கேள்வி வைப்பேன், 'சவுல் விழுந்த குதிரை என்ன நிறம்?'னு. வெள்ளைம்பாங்க, கறுப்பும்பாங்க."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் படிப்பிச்ச அத்தனை வருஷத்துல, 'குதிரையே இல்ல, டீச்சர்'னு எழுந்து நின்னு சொன்ன ஒரே பிள்ளை அவதான்."